உச்சி முகாமின் வலை

கட்டில்காரி பின்னிய கயிற்றுக் கட்டில் இம்மியும் தொய்யாது. அதில் தூக்கம் வராது என்பது வேறு விஷயம். அவள் புருஷனே தரையில்தான் படுக்கிறான் என்று ஊரில் பேச்சு. பார்த்தவர் யாருமில்லை, சொல்பவர் நிறைய.

அந்தக் கைத்திறனை நம்பித்தான், மலையில் மூன்று இடத்தில் முகாம் போட்டு, வலை கட்டி வௌவால் பிடித்து ஆராய வந்த மேடம் அவளை உச்சி முகாமுக்குத் தலைவியாக்கினாள். அடிவாரத் தோப்பு வலையில் பழந்தின்னி வௌவால் தடியன்கள் விழுந்தன. நடுமலைக் காட்டு வலையில் சந்தைக்கூட்டம் போல வகைவகையாக விழுந்தன. குளிரடிக்கும் உச்சியில் எவை தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி. சமையலுக்கு நாத்தனாரைக் கூட்டிப்போனாள் கட்டில்காரி. பதவியைப் பார்த்து வயிறெரிய ஓர் ஆள் வேண்டாமா?

ஆனால் உச்சி வலையில் ஒன்றுகூட விழவில்லை. நடுமலையிலிருந்து ஏறிவந்த மேடம், "மேல வௌவாலே இல்லன்னு எழுதிடறேன். நாளைக்கு முகாமைக் கலைச்சிடலாம்" என்றாள்.

"வௌவாலுக்கே உங்களைப் பிடிக்கல அண்ணி" என்றாள் நாத்தனார்.

"போடி."

அந்தி மங்கும்போது, டீ டம்ளரோடு வலைக்கு எதிரே உட்கார்ந்தாள் கட்டில்காரி. சின்னதாய் ஒன்று பறந்து வந்து வலையில் மோதி, பந்துபோல் எகிறிப் போயே போய்விட்டது. எழுந்துபோய் வலையைச் சுண்டினாள். விண்ணென்று நின்றது. கீழ் முகாம்களில் வலை பைபையாகத் தொங்கும், வௌவால் அதற்குள் விழும். சோம்பேறிகள் கட்டிய வலை என்று அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள்.

"வாயைத் தொறக்காதீங்க அண்ணி. காத்து மேல பழியப் போட்டுடலாம்" என்றாள், அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்ட நாத்தனார்.

"என் பதவிக்காக, இங்க வாழற உசிர இல்லவே இல்லன்னு ஆக்கச் சொல்றியா?"

நேரே மேடத்திடம் போனாள். "எழுதாதீங்க மேடம். வௌவால் இருக்கு. நான்தான் வலையைக் கட்டில் கணக்கா இழுத்துக் கட்டிட்டேன்."

மேடத்தின் முகம் சிவந்தது. "அப்ப இத்தனை நாளும் வீணா?"

"வீணுதான். திட்டுங்க. திட்டிக்கிட்டே இந்தக் கயித்தப் பிடிங்க, இருட்டுது."

மேடம் பிடித்தாள். திட்டவும் செய்தாள். வலை தொளதொளவென்று இறங்கியது. சற்று நேரத்தில் கட்டைவிரல் பருமனில், ரோமம் அடர்ந்த ஒன்று பைக்குள் விழுந்து கிறீச்சிட்டது. கையுறை மாட்டிப் பக்குவமாய்ப் பிரித்தெடுத்த மேடத்துக்குக் குரலே மாறிவிட்டது.

"இது கீழ ரெண்டு முகாம்லயும் கிடைக்காதது. முகாம் இருக்கட்டும். ஆனா இனிமே நீங்க கட்டினத நான் ஒரு தடவை பாப்பேன்."

"தாராளமா பாருங்க. தலைவி நான்தானே?"

இரண்டு கைக்குள்ளும் வௌவாலைப் பொத்திக்கொண்டு நின்ற மேடம் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள். நாத்தனார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.