விருந்துக்குச் சொன்ன பிறகு சுட்ட கோழி

முதல் தடவை காட்டுக்கோழி சுடப் போகிறவனுக்கு ஒன்று சொல்கிறேன்: கோழி கைக்கு வரும்வரை வீட்டில் வாயைத் திறக்காதே. நான் திறந்தேன். வேட்டை அனுமதிப் பரீட்சையில் பாஸ் பண்ணிய சந்தோஷப் புழுகத்தில், சனிக்கிழமை கோழி சுடப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருந்த பன்னிரண்டு பேரை ஞாயிறு மத்தியானக் கறிக்கு அழைத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிய, என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரனுடன் மலைக்குப் போனேன். மலிவு விற்பனையில் வாங்கிய என் புது மழைச்சட்டை அடிக்கு அடி சரசரத்தது. நான் கிட்டப் போக முன்னரே கோழிகள் பறந்தன. அந்தச் சனியனைக் கழற்று என்று அவன் கத்தினான். கழற்றினேன். குளிரில் பல் கிடுகிடுத்தது. ஆனாலும் மத்தியானம் ஒன்றைச் சுட்டு விழுத்தினேன். புறாவை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, மிச்சம் காருக்குள்ளையோ?"

"மிச்சம் மலையிலை."

"பன்னிரண்டு பேருக்கு இதை என்னெண்டு பங்கிடுறது?"

ஞாயிறு கடை திறக்காது. அன்றிரவே கடை பூட்டுவதற்குள் ஓடிப்போய் மூன்று கோழி வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே சட்டியில் வெந்தன.

விருந்தாளிகளிடம் உள்ளதைச் சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. தன் தட்டில் விழுந்ததுதான் காட்டுத் துண்டு என்று ஒவ்வொருவரும் அடித்துச் சொன்னார். அப்போது கீழ்வீட்டு அண்ணை வாயிலிருந்து என் துப்பாக்கிக் குண்டின் சன்னம் ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இப்ப சொல்லுங்கோ பாப்பம், ஆரின்ரை தட்டிலை காட்டுக்கோழி?"

சுட்டவன் நான். கைதட்டு அவருக்கு.