செசிலியா அக்காவின் ஜெர்மன் ஓவியர்

செசிலியா அக்கா காலமான செய்தியை அவருடைய மகள் அனிற்றா கர்க்லாண்டிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். "அம்மா நித்திரையிலேயே போயிட்டா, அன்ரி. நோகேல்லை." அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அக்காவை அறிந்த உங்களுக்கு, நம் தேவாலய இதழில் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே கன்னியர் மடப் பள்ளியில் படித்தோம். அங்கே இருந்த பழைய வேதாகமக் கதைப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்தான் அக்காவின் ஓவியர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன்காரர். புலம்பெயர்ந்து இங்கே வந்து, சென்ட் லோரன்ட் பகுதியிலுள்ள மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு, அக்கா நூலகம் நூலகமாகத் தேடி அவருடைய வாழ்க்கையைப் படித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் அதை எங்களுக்குச் சொல்லுவார்.

அந்த ஓவியர் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். ரோமாபுரிக்கு நடந்தே போய்க் கற்றவர். அரண்மனைச் சுவர்களில் பெரிய போர்க்களங்களைத் தீட்டினார். வயிற்றுப்பாட்டுக்காகப் புத்தகங்களுக்குச் சின்னப் படங்களும் வரைந்தார். அவற்றில் கையெழுத்திட வெட்கப்பட்டார். "சுவரெல்லாம் இடிஞ்சு போச்சு. அந்தாள் வெக்கப்பட்ட படம்தான் கடல் தாண்டி எங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தது" என்பார் அக்கா.

"உவர் கலியாணம் முடிச்சவரோ, அக்கா?" என்று பின்வரிசையிலிருந்து சூசைநாதன் அண்ணை கேட்டார்.

"ஓம், முடிச்சவர். உங்களை மாதிரித்தான், வீட்டிலை வாய் திறக்கமாட்டார்."

மண்டபமே சிரித்தது.

கடைசிப் பேச்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. முதுமையில் ஓவியருக்கு நினைவு தவறிப்போனது. நண்பர்கள் அவர் வரைந்த படங்களையே கொண்டுபோய் நீட்டி, "இதை வரைந்தது யார், சொல்லும்" என்று கேட்பார்களாம். அவர் நடுங்கி, இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொள்வாராம். "மறந்தது அவருக்குத் தெரியாது. கேக்கேக்கைதான் பயந்தவர்" என்று சொல்லி அக்கா பேச்சை நிறுத்தினார்.

பிறகு பஸ் நிறுத்தத்தில் என் கையைப் பிடித்தார். "றீற்றா, எனக்கு உது வந்தால் ஒருத்தரையும் கேக்க விடாதை. நீயும் கேளாதை."

"உங்களுக்கு ஏன் வருது? விசர்க்கதை கதையாதேங்கோ."

"முதல்லை ஓமெண்டு சொல்லு."

சொன்னேன். அவர் தன்னிடம் அப்போதே எதையோ கவனித்திருக்க வேண்டும்.

அக்காவுக்கும் அந்த மறதி வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்த பிறகு நம்மவர்கள் அன்போடுதான் வந்தார்கள். வந்ததும் நாம் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்கள். "அக்கா, என்னைத் தெரியுதோ? ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்!" என்றார் சூசைநாதன் அண்ணை. அக்காவின் கைகள் மெல்லப் போர்வைக்குள் போயின. நான் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கேக்காதேங்கோ, அண்ணை. உங்கட பேரை நீங்களே சொல்லுங்கோ."

"சும்மா பகிடிக்குத்தானே, பிள்ளை."

"அவவுக்குப் பகிடி இல்லை."

அவர் முகம் சிவந்தார். ஆனாலும் குனிந்து, "நான் சூசைநாதன், அக்கா. வீட்டிலை இன்னும் வாய் திறக்கிறேல்லை" என்றார். அக்கா சிரித்தார்.

மற்றவர்களைத் தடுத்தது எளிது. என்னைத் தடுப்பது கடினமாக இருந்தது. கடைசி முறை போனபோது அவர் என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நான் றீற்றா. கஞ்சி கொண்டந்திருக்கிறன்" என்றேன்.

"நல்லது. இருங்கோ" என்றார். அதை அவர் தாதிக்கும் சொல்வார், தரை துடைக்க வருகிறவருக்கும் சொல்வார். என்னை அறிந்துதான் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

போன மாதம் மெட்ரோவில் நான் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் மனதில் வரவில்லை. கதவு திறந்தது, மூடியது. நான் அசையாமல் இருந்தேன். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, இங்கே வாசித்துக்கொள்ளட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு மரியாதை. அதை இப்போது உங்களிடம் கேட்கிறேன். என்னைப் பார்க்க வரும் நாளில், வாசலிலேயே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு உள்ளே வந்து இருங்கள்.