நகர மன்றக் கோபுரத்தின் நான்காவது கண்

டபித்தா சக்டனின் தொழில் ஊரை எழுப்புவது. விடியுமுன் ரயில் நிலையக் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு, நீண்ட கழியோடு போய் மாடி ஜன்னல்களைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர் முகம் காட்டும்வரை நகரமாட்டாள். ஹெப்லி என்ற அந்த ஊரின் நெசவாலைத் தெருவில் அவளைத் திட்டாத வாய் இல்லை. அவள் தட்டாமல் விழித்த வீடும் இல்லை.

ஆனால் ஆலைக் கடிகாரம் காலையில் முந்தி ஓடும், மாலையில் நொண்டும். இரண்டு முனையிலும் நேரத்தைத் திருடியவர் முதலாளி ஆம்ப்ளர். டபித்தா சரியாக எழுப்பியும் ஆலை வாசல் சாத்தியிருக்கும், கூலி போகும். பழி அவள்மேல் விழுந்தது. இனி வராதே என்று வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். தாமதம் பாவம் என்று பாதிரியார் வேறு பிரசங்கம் செய்தார். கடிகார முள்ளைத் தள்ளிவைப்பது என்ன கணக்கில் சேரும் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த ஆண்டுதான் புதிய நகர மன்றம் எழுந்தது. கூர்வளைவு ஜன்னல்கள், வாசலில் கல் சிங்கங்கள், நடுவே உயர்ந்த கோபுரம். அதன் நான்கு பக்கமும் கடிகாரத்துக்காகக் கல்லில் வட்டம் செதுக்கியிருந்தது. மன்ற உறுப்பினரான ஆம்ப்ளர், செலவைக் காரணம் காட்டி, ஆலைப் பக்கத்து வட்டத்தை மட்டும் வெறுங்கல்லால் அடைக்கவைத்தார். தூக்கம் கெடும் என்று விடியற்கால மணியோசையையும் தடுத்தார். டபித்தா நேரே மன்ற உறுப்பினர்களிடம் போய் முறையிட்டாள். உங்களுக்குத்தான் ஆலைக் கடிகாரம் இருக்கிறதே என்று சிரித்து அனுப்பினார்கள்.

திறப்பு விழா ஒரு மாலையில் நடந்தது. தன் ஆலையை விருந்தினர் பார்க்கட்டும் என்று ஆம்ப்ளர் மேடையை அந்தப் பக்கமே போடவைத்திருந்தார். மன்றத்தைத் திறந்துவைக்க வந்திருந்த பிரபு ஒருவர் பேச எழுந்து, நேரம் பார்க்கக் கோபுரத்தை அண்ணாந்தார். வெறுங்கல். ஆலைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஆம்ப்ளர், என் கடிகாரம் கெட்டுப்போச்சா?"

கூட்டத்திலிருந்து டபித்தா பதில் சொன்னாள்: "உங்களது நல்லாத்தான் ஓடுதுங்க ஐயா. இவரோடதுதான் காலையில எங்களுக்கு முன்னாடி எந்திரிச்சிரும், சாயங்காலம் நடக்கவே மாட்டேங்கும். கோபுரத்துல கண்ணு வச்சா குட்டு தெரிஞ்சுரும்னு அடைச்சுட்டாரு."

கூட்டம் சிரித்தது. வாத்தியக் குழுவில் எக்காளம் பிடித்தவர் ஊத முடியாமல் குனிந்துகொண்டார். ஆம்ப்ளரின் முகம் செங்கல்லாயிற்று.

"நாலாவதை என் அன்பளிப்பா இன்னைக்கு அறிவிக்கலாம்னுதான் இருந்தேன்."

"இன்னைக்கு எப்பங்க? உங்க கடிகாரப்படியா, ஐயா கடிகாரப்படியா?"

குளிர்காலம் வருமுன் நான்காவது கடிகாரம் ஏறியது. எரிவாயு விளக்கொளியில் இருட்டிலும் மணி தெரிந்தது. முதல் நாள் காலை ஆலை மேஸ்திரி வழக்கம்போல முன்கூட்டியே வாசலைச் சாத்த வந்தார். வெளியே நின்ற நெசவாளிகள் தலையை உயர்த்திக் கோபுரத்தைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

டபித்தா அதை நின்று பார்க்கவில்லை. அவளை நிறுத்திய வீடுகளெல்லாம் மறுபடி கூப்பிட்டிருந்தன. அடுத்த தெருவில் இன்னும் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.