வாசன வருதா?

புதுக் காருக்கென்று ஒரு வாசனை உண்டு. ரெக்ஸின், ரப்பர், பசை, வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து, கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். நிறையப் பேர் அதை ஆசையாக மூச்சிழுத்து அனுபவிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ அது மூக்கில் பட்டதும் உடம்பு அசந்துபோகிறது. என் நினைவில் அந்த வாசனைக்கு மேல் மல்லிகை சென்ட் ஒன்று படிந்திருக்கிறது, அந்த மல்லிகைக்கு மேல் அம்மா கையில் வைத்துக் கசக்கிய எலுமிச்சம்பழமும், அதற்கும் மேல், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, வாந்தியின் புளிப்பும் இருக்கிறது.

நகரியில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் பவர்லூம் தறிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா பழைய தறி, பழைய மோட்டார், யாரோ ஓட்டிச் சலித்த மொபெட் என்று அடுத்தவர் கை பட்ட பொருட்களோடேயே பாதி ஆயுளைக் கழித்தவர். தலையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். கோபமே வராது. அம்மா தறிப் பக்கம் போன நேரத்தில் சோறு அடிப்பிடித்துக் கருகிப் போனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். "உங்க நைனா மாதிரி மனுசன் எந்த ஊர்ல கீறாரு" என்று அம்மா அதற்காகவே பெருமைப்பட்டுக்கொள்வாள். அந்த மனிதர்தான் ஒரு நாள் திருப்பதிக்குப் போய், வாழ்க்கையில் முதல் முறையாக, யார் கையும் படாத புத்தம் புதிய வெள்ளைக் கார் ஒன்றை எடுத்து வந்தார்.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அம்மாவின் ஊர் நாகலாபுரம். பங்குனியில், சாயங்கால வெயில் நேராகக் கோயிலுக்குள் போய்ச் சாமி மேல் விழுகிற நாட்களில், நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அங்கே போவோம். அதே ஊரிலேயே வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, வீட்டில்தான் இறங்குவோம். மெட்ராஸிலிருந்து காரில் வருகிற உறவுக்காரர்களைப் பெரியம்மா தெருவுக்கே வந்து, கதவைத் திறந்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவாள். புத்தூரில் பஸ் மாறி, பைகளைத் தூக்கிக்கொண்டு வேர்த்து வழிய வருகிற நாங்கள் நாங்களாகவே உள்ளே போய், செருப்பைக் கழற்றி, தண்ணீர் மொண்டு குடித்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் எதுவும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. நைனாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்வதுதான் அவள் வழக்கம். அப்படி ஒரு நாள், அவர் காதில் விழும்படி, என்னிடம் சொன்னாள்: "ஒரே ஒரு தபா எங்க அக்கா வூட்டு வாசல்ல கார்ல போய் எறங்கணும்டி. அவ வந்து கதவத் தொறக்கணும். அத்தோட எனக்கு ஒண்ணும் வேணாம்."

காரை எடுத்த அன்று, எங்களை ஏற்றிக்கொண்டு நைனா நேராக ஃபிட்டிங் கடைக்குப் போனார். திருப்பதியில் புதுக் கார் எடுத்தவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிற கடை அது. கடைக்காரர் தெலுங்கில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மெரூன் நிற சீட் கவர், ஸ்டீயரிங்குக்கு உறை, கால் வைக்க மேட், கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற மட்ஃபிளாப், ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹாரன், முன்னால் விளக்கு எரியும் பெருமாள். "இதி கூடா பெட்டுகோண்டி சார், ஃபேமிலி பண்டி கதா" என்று இதையும் அதையும் மாட்டிக்கொள்ளச் சொல்லி அவர் நீட்ட நீட்ட, நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குடும்பத்துக்கான வண்டி என்று ஒருவர் சொன்ன பிறகு எதை வேண்டாம் என்று சொல்வது. பின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்ட என்ன எழுத வேண்டும் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அம்மா தீவென' என்று தெலுங்கில் எழுதச் சொன்னார். அம்மாவின் ஆசீர்வாதம் என்று அர்த்தம்.

கம்பெனியிலிருந்து வந்தபோதே சீட்டுகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. கடைக்காரர் அதைக் கிழிக்கப் போனார். நைனா பதறிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிச்சா அப்புறம் இன்னா புதுசு?" என்றார். அதனால் பிளாஸ்டிக்கின் மேலேயே ரெக்ஸின் கவரை மாட்டினார்கள். நாங்கள் உட்கார்ந்தபோது சீட்டு மொறுமொறுவென்று சத்தம் போட்டது. கடைசியாக, ஊதா நிறத்தில் கூழ் போல ஏதோ அடைத்த சின்ன சென்ட் டப்பா ஒன்றைப் பெருமாளுக்குப் பக்கத்தில் ஒட்டி, மூடியைத் திருகிவிட்டு, நைனா எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "வாசன வருதா?"

வந்தது. கூடைப் பூவை முகத்தில் வைத்து அழுத்தியது போல வந்தது. பூஜை போட்டுவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பியது. புத்தூர் தாண்டுவதற்குள் அம்மா கதவைத் திறந்துகொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "கொடலப் பொரட்டுது" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

பஸ்ஸில் எத்தனையோ வருஷம் போய்வந்தவளுக்கு ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. பஸ்ஸில் ஜன்னல் உண்டு, காற்று உண்டு. இந்தக் காரிலோ கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால்தான் மரியாதை என்று நைனா நம்பினார். அவர் செய்த வைத்தியமெல்லாம் இன்னும் எதையாவது வாங்கி மாட்டுவதுதான். வெயில் சூட்டினால் இருக்கும் என்று ஃபிலிமை இரண்டு மடங்கு கறுப்பாக்கினார். கழுத்துக்கு ஒரு குஷன் வாங்கினார். மனசு வேறு பக்கம் போகட்டும் என்று பக்திப் பாட்டு கேசட் வாங்கினார். சென்ட் வாசனை போதவில்லை போலிருக்கிறது என்று பின் சீட்டுக்கு இன்னொரு டப்பா, அதுவும் போதாமல் ஏ.சி. துவாரத்தில் சொருக இன்னொன்று. ஒவ்வொன்றையும் திறந்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "வாசன வருதா?" புதுக் கார் வாங்கிய பெருமை அவரை ஆட்டிவைக்கிறது என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மா எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருப்பாள். எங்கள் இருவரிடமிருந்தும் பதில் வராது. தினமும் காரைத் துடைப்பதும், பயணம் என்றாலே அம்மா பட்டினி கிடப்பதும், வழியில் நிறுத்தி வாய் கொப்பளிப்பதும், அதற்குப் பிறகு நைனா இன்னொன்று வாங்கி வருவதுமாக அந்த வருஷம் போயிற்று. நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

பங்குனி வந்தது. அம்மா காலையிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. நல்ல பட்டுப்புடவை கட்டி, மடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு, தண்டனை அனுபவிக்கப் போகிறவள் போல முன் சீட்டில் ஏறினாள். புத்தூர் வரை தாக்குப்பிடித்தாள். பஸ் ஸ்டாண்டைக் கண்டதும், "நிறுத்தச் சொல்லுடி உங்க நைனாவ" என்றாள். இறங்கியவள் திரும்பி ஏறவில்லை. "நீங்க கார்ல வாங்க. நா பஸ்ல வரேன். ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி ஏறிக்கறேன்."

அப்படித்தான் நாங்கள் நாகலாபுரம் போனோம். முன்னால் பஸ், ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு அம்மா. பின்னால் நைனாவும் நானும் புதுக் காரில். பஸ் கை காட்டுகிற இடத்திலெல்லாம் நின்றது, நாங்களும் நின்றோம். முந்திப் போக எத்தனையோ இடம் கிடைத்தும் நைனா முந்தவில்லை. பிச்சாட்டூரில் பஸ் கொஞ்ச நேரம் நின்றபோது அம்மா ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, "அம்மா பஸ்ல வரா, தீவென கார்ல வருது" என்றாள். அந்த வருஷத்தில் நைனா சிரித்து நான் பார்த்தது அப்போது ஒரு தடவைதான்.

நாகலாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முகம் துடைத்து, பூவைச் சரிசெய்துகொண்டு அம்மா காரில் ஏறினாள். இருந்தது இரண்டு தெரு தூரம். மூச்சை ஒரே இழுப்பாக இழுத்து அடக்கிக்கொண்டாள். நைனா தேவையே இல்லாமல் ஹாரனை அடித்தார். வாசலில் நின்றிருந்த பெரியம்மா, யார் கார் என்று எட்டிப் பார்த்து, அம்மா என்று தெரிந்ததும் ஓடி வந்து, ஆமாம், அவளே வந்து, கதவைத் திறந்தாள். "இன்னாடி, சொல்லவே இல்ல, காரு வாங்கினீங்களா?" என்று கையைப் பிடித்தாள். அம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு லேசாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அக்காவைத் தாண்டி விறுவிறுவென்று பின்பக்கக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"காரு வந்ததும் அக்காகிட்ட பேசக்கூட வாய் வரல பாத்தியா" என்று பெரியம்மா எல்லோரிடமும் சொன்னாள். அம்மா எவ்வளவோ விளக்கினாள், ஒருவரும் நம்பவில்லை. அந்த வருத்தம் தீரப் பல வருஷம் ஆயிற்று. அன்று திரும்பும்போது அம்மா நாகலாபுரத்திலேயே பஸ் ஏறிவிட்டாள், அதற்குப் பிறகு அந்தக் காரில் அவள் ஏறியதாக எனக்கு நினைவில்லை. விற்கிற நாளிலும் அந்தக் காரின் சீட் கவருக்கு அடியில் பிளாஸ்டிக் கிழியாமல் இருந்தது.

நைனா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். தடாவில் வீடு, அம்மா என்னோடு இருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து போய்வந்து சலித்து, போன வருஷக் கடைசியில் நானும் திருப்பதியில் ஒரு கார் எடுத்தேன். ஃபிட்டிங் செய்யவா என்று கேட்ட பையனிடம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று சீட்டின் பிளாஸ்டிக்கையெல்லாம் என் கையால் கிழித்துப் போட்டேன். "ஏமீ வத்தா மேடம்?", ஒன்றுமே வேண்டாமா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். அம்மாவை அதில் உடனே ஏற்றவில்லை. வேலை முடிந்து வந்து, நிற்கத் தெம்பில்லாத நாட்களிலும், கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டேன். வேப்பிலை போட்டு வைத்தேன். கால் மேட்டைக் கழற்றிக் கழுவினேன். அம்மாவுக்காக நைனா மாட்டியதையெல்லாம் நான் அம்மாவுக்காகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பங்குனிக்கு அம்மாவை நாகலாபுரம் அழைத்துப் போனேன். வழக்கம்போல எலுமிச்சம்பழத்தோடு ஏறினாள். சத்தியவேடு தாண்டியது, அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்திருந்தாள். பட்ட பாடு வீண்போகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "காருக்குள்ள வாசன எதுனா அடிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த பழத்தை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினாள். "இதுல வாசன வருதா பாரு."

"வருதே. ஏன்?"

"எனக்கு வரல. ஊரு ஒலகமெல்லாம் வந்துச்சே அந்தக் காய்ச்சல், அது வந்துட்டுப் போனதுலேருந்து ஒண்ணுமே வரல. பால் தீஞ்சாலும் தெரியல. நீ தெனம் வேலைக்கிப் போய்க்கினு கீற, உங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றதுன்னு சொல்லல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அம்மா பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

"உங்க நைனாவுக்கும் இப்படித்தாண்டி இருந்திருக்கும். சின்ன வயசுலேருந்து பஞ்சுத் தூசியிலயே கெடந்த மூக்கு. அதான் டப்பா டப்பாவா வாங்கி வச்சிக்கினு, வருதா வருதான்னு நம்மளக் கேட்டுக்கினே இருந்தாரு. கருகுன சோத்த ஒண்ணும் சொல்லாமத் துன்னாரே, நா இன்னாமோ நல்ல மனுசன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எத்தனை தடவை கேட்டிருப்பார். தான் வாங்கி வந்தது மணக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.

நாகலாபுரத்தில் பெரியம்மா வீடு பூட்டிக் கிடந்தது. அவளைப் பிள்ளைகள் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் சுற்றி வந்து கதவைத் திறந்தேன், அம்மா இறங்கி, பூட்டிய வாசலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள். கோயிலில் வெயில் வழக்கம்போல உள்ளே போய் விழுந்தது.

திரும்பும்போது, "அந்த சென்ட் டப்பா ஒண்ணு வாங்கி வையேன்" என்றாள். "உனக்குத்தான் தெரியாதேம்மா" என்றேன். "அதான், இப்போ எனக்குத் தொந்தரவு இல்லியே."

தடாவில் ஹைவே ஓரக் கடையில் கேட்டேன். அந்த ஊதாக் கூழ் டப்பா இப்போது வருவதில்லையாம். கண்ணாடியில் தொங்கவிடுகிற சின்ன பாட்டில்கள்தான் இருந்தன. அதில் மல்லிகை என்று எழுதியிருந்ததை வாங்கி வந்து, மாட்டி, மூடியைத் திருகினேன். கார் முழுக்க அது குப்பென்று பரவியதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பக்கத்து சீட்டில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதே குரலில் இல்லாவிட்டாலும் அதே ஆவலோடு, கேட்டாள்:

"வாசன வருதா?"

"வருதும்மா" என்றேன். "நல்லா வருது."