ஒரு மழைக்கு இரண்டு பேச்சு

அக்காள்மடம் என்ற தீவுக் கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கும் பூமயிலுக்குப் பாண்டித்துரையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தெருத் தண்ணீர் கடலுக்குப் போகும் வாய்க்காலில் கிராவல் மண்ணைக் கொட்டி, தன் லாட்ஜுக்கு வரும் கார்கள் நிற்க இடம் பண்ணியவர் அவர்.

2024 நவம்பரில் தீவே முங்கிப்போகும்படி ஒரு மழை கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர் பூமயிலின் கடைக்குள் இடுப்பளவு நின்றது. மோட்டார் மெஷின்கள் செத்தன. ஒரு கல்யாண வீட்டுப் பட்டுத் துணிகள் சாயம் ஓடிப் பாழாயின. அந்த வீட்டார் அவளைத் தெருவில் நிறுத்தி ஏசினார்கள். ஈரச் சேலையோடு அவள் லாட்ஜுக்குப் போனாள்.

"ஏத்தா, உலகமே சூடாகிக் கெடக்கு. துபாயே முங்குச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் பாண்டித்துரை. கூட நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மறு வருடம் கிராம சபையில் ஒரு பொறியாளர் பேசினார். கடல் சூடாவதால் இப்படிப்பட்ட மழை இனி அடிக்கடி வரலாம், வாய்க்காலைத் திறந்து அகலப்படுத்த வேண்டும் என்றார்.

பாண்டித்துரை துள்ளி எழுந்தார். "ஒருநா பேஞ்ச மழைய வச்சு உலகம் சூடாகுதுன்னு சொல்லிருவீகளா? எங்க அய்யா காலத்துலயுந்தான் பேஞ்சுச்சு."

"ஒரு மழையை மட்டும் வச்சுச் சொல்ல முடியாதுங்க. பல வருஷத்து மழையைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்றோம்" என்றார் பொறியாளர்.

பூமயில் எழுந்தாள். "அன்னைக்கு எங்கிட்ட உலகம் சூடாகிருச்சுன்னீக. இன்னைக்கு இல்லைங்குறீக. மழை எதால வேணா வரட்டும். வாய்க்கால மூடுனது யாரு?"

"பொம்பளை வாயப் பாரு!" என்றார் அவர்.

சபையில் வாய்க்காலைத் திறக்கத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் திறக்க யாரும் வரவில்லை. ஒரு காலையில் பூமயிலே மண்வெட்டியோடு இறங்கினாள். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டு மண்ணில் குறுகலாக ஒரு வெட்டு போட்டார்கள். பாண்டித்துரை போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர்கள் பெண்கள் காட்டிய தீர்மானத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அடுத்து வந்த சாதாரண மழையில் தண்ணீர் அந்த வெட்டு வழியே கடலுக்கு ஓடியது. "பாத்தியா, பெரிய மழை ஒண்ணும் வரல" என்று லாட்ஜ் வாசலில் நின்று கத்தினார் அவர். பூமயில் காறித் துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பொறியாளர் சொன்னதை அவள் நம்பினாள். போன தடவையைவிடப் பெரிய மழை வந்தால் இந்த வெட்டு தாங்குமா என்ற பயம் அவளைத் தூங்க விடவில்லை.