தாய்மாமன் பேனரும் பச்சை ஓலையும்

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஞாயிறன்று எனக்கு மதியம் வரைதான் வேலை. இருந்தும் அன்று வர முடியாது என்று வெள்ளிக்கிழமையே சொல்லி, என் இடத்துக்கு வேறொரு பார்மசிஸ்ட்டை ஏற்பாடு செய்திருந்தேன். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மருந்துக் கடை அது. கடை திறந்ததும் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. அன்று அதை இன்னொருவர் கையில் விட்டது உறுத்தலாகவே இருந்தது. இரண்டு முறை போன் செய்து கேட்டேன்.

வியாழக்கிழமை சின்ன மகள் வயதுக்கு வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை கொண்டுவந்து, தன் கையால் அவளுக்கு ஒரு சின்னக் குடிசை கட்டித் தரவேண்டும். இப்போது வாடகை வீட்டு ஹாலில் ஒரு மூலையில் முடைந்த ஓலைக் கீத்து நாலைச் சாய்த்து வைப்பதோடு சரி. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என் நாத்தனார் சொன்னார்கள். ஊரைக் கூட்டி இதைக் கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டோடு வைத்துக்கொள்ளலாம் என்றேன். சின்னவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாமாதான் ஓலை கட்டணும்."

கல்லூரியில் படிக்கும் மூத்தவள் அதைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"வரட்டும், கட்டட்டும். நான் ரூமை விட்டு வெளிய வர மாட்டேன். அவர்கிட்ட பேசுன்னு மட்டும் யாரும் என்னைச் சொல்லாதீங்க."

ஆறு வருடமாக அவள் தன் மாமாவுடன் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்க இருக்கவேண்டும்.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு.

நாங்கள் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர்கள். அப்பா தவறிப்போனபோது நான் டி.பார்ம் முடிக்கும் நிலையில் இருந்தேன். தம்பி சின்னப் பையன். சொந்தமாகப் படகில்லை, வலையில்லை. அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றாள். நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். கடலுக்கும் போகமாட்டேன் என்றான். கடைசியில் நாவலூரில் சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போனான். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிப்டில் ஏறி இறங்குகிறவனிடம், சாப்பாட்டோடு இன்னொரு பொட்டலத்தையும் கொடுத்துவிட ஆட்கள் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் அவனே ஆள் வைத்துக் கொடுத்தனுப்புகிறவனாகிவிட்டான். கஞ்சா, அப்புறம் மாத்திரை.

அது எங்களுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவனுடைய பகட்டுதான். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்கிற பைக், சட்டைக்கு ஒரு நிறத்தில் ஷூ, கழுத்தில் விரல் தடிமனுக்குச் சங்கிலி. நண்பன் பிறந்தநாளுக்கு ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல்குளத்தையே நாள் முழுக்கப் பிடித்தான். கேக்கை அரிவாளால் வெட்டினார்கள். அதை வீடியோவாகவும் போட்டார்கள். அந்த வாரம்கூட அம்மா ரேஷன் கடை வரிசையில்தான் நின்றாள். வீட்டுச் செலவுக்கு என்று அவன் எதையும் கொடுத்ததில்லை. ஒருநாள் திடீரென்று ஆள் நீளத்துக்கு ஒரு டிவியைக் கொண்டுவந்து இறக்கினான். அதை மாட்டுகிற அளவுக்கு அந்த வீட்டில் சுவர் கிடையாது. தரையில் சாய்த்து வைத்தார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். டிவி நனையாமல் இருக்கத் தார்ப்பாயை எடுத்துப் போர்த்தினான்.

அம்மா கேட்டாள்: "டிவிக்குத் தார்ப்பாய் போட்டுட்ட. எனக்கு இன்னாடா போடப் போற?"

ஒருநாள் மாலை என் கடைக்கே வந்தான். கூட்டம் குறையும்வரை நின்றுவிட்டு, ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொன்னான். சாதாரணமாக யாரும் கேட்கிற மாத்திரை அல்ல அது.

"பத்து அட்டை குடுக்கா."

"சீட்டு எங்க?"

"இன்னாக்கா, நான் உன் தம்பி. என்கிட்ட போய் சீட்டு கேக்குற?"

"தம்பிக்கு வலி இருந்தா டாக்டர்கிட்ட போ. அவர் எழுதிக் குடுத்தா நான் எடுத்துக் குடுக்கறேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு அன்றுதான் எல்லாம் விளங்கியது. என் கணவரிடம் சொன்னேன். இருவரும் அவனைக் கூப்பிட்டுப் பேசினோம், திட்டினோம். அவன் காதில் ஏறவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரைகூட என் கை வழியாகத் தவறான இடத்துக்குப் போனதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அடுத்த சில மாதங்களில் மூத்தவள் வயதுக்கு வந்தாள். சீர் எதுவும் வேண்டாம், நீ வந்து ஓலை மட்டும் கட்டு என்றோம். அவன் எங்களைக் கேட்காமலே மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்துவிட்டான். தாய்மாமன் உரிமை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அவன் பக்கம் பேசினார்கள். ஓலைக் குடிசைக்குப் பதில் தெர்மாகோலில் அரண்மனை வந்தது. செண்டை மேளம், பட்டாசு, தலைக்கு மேல் ட்ரோன் கேமரா. வந்த நகையை நாங்கள் தொடவில்லை, அன்றே திருப்பிக் கொடுத்தோம். ஆனால் மண்டபத்து வாசலில் நின்ற பேனரை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு மாடி உயரம். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் என் தம்பி. மேலே ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு என் மகள். அவள் பெயர் போடக்கூட இடமில்லை. ஏனென்றால் கீழே வரிசை வரிசையாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு நண்பன், அவனுடைய முகம், அதற்கடியில் பட்டப்பெயர். "அன்பு மச்சான்கள்" என்று தலைப்பு வேறு.

போலீஸார் அந்தக் கும்பலைப் பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். பட்டப்பெயர்கள் மட்டும் அவர்களுக்குத் தெரியும். யாருக்கு எந்த முகம் என்று தெரியாது. சொந்தக்காரர் போல இரண்டு பேர் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, போகும்போது பேனரைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பின்னால் விசாரணைக்குப் போன என் கணவரிடம் ஒரு அதிகாரி சிரித்தபடி சொன்னாராம்:

"நாங்க தேடித் தேடி அலுத்துட்டோம் சார். உங்க மச்சான் எல்லாரையும் பேரோட வரிசையா நிக்க வெச்சுக் குடுத்துட்டாரு."

அந்த வாரமே எல்லோரும் பிடிபட்டார்கள். ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுத்தான். பேனர் படம் போனில் ஊர் முழுக்கச் சுற்றியது. மூலையில் இருந்த என் மகளின் முகமும் அதோடு சேர்ந்து சுற்றியது. பள்ளியில் அவளைக் "கஞ்சா மாமா பொண்ணு" என்று கூப்பிட்டார்கள். வருடத்தின் நடுவில் பள்ளி மாற்றினோம். அன்றிலிருந்து அவள் வாயில் மாமா என்ற சொல்லே இல்லை.

அவனுடைய சங்கிலி வக்கீலுக்குப் போனது. டிவியை யாரோ எடுத்துப் போனார்கள். பைக் போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் துருப்பிடித்து, சக்கரத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. அம்மா மறுபடியும் கருவாட்டுக் கூடையைத் தூக்கினாள். அவன் நாலு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்த புதிதில் குப்பத்தில் யாரும் படகில் ஏற்றவில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை தைத்தான். பிறகு ஒருவர் தன் பைபர் படகில் சேர்த்துக்கொண்டார். எந்தக் கடலுக்குப் போகமாட்டேன் என்றானோ, இன்று அதே கடலில்தான் பிழைப்பு.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் வந்தான். தலையில் பச்சை ஓலைக் கட்டு, கையில் மஞ்சள் பை. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை பஸ்ஸின் மேல் ஓலையைப் போட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் கொண்டுவந்திருக்கிறான்.

"சரக்கு ஏத்துற வெண்டர் பெட்டில ஒரு பூக்காரம்மா, 'யாருக்குப்பா ஓலை'ன்னு கேட்டுச்சுக்கா. அக்கா பொண்ணுக்குச் சீருன்னேன். 'வெறும் ஓலையா'ன்னு சிரிச்சிது. எறங்கும்போது ஒரு முழம் மல்லி குடுத்து, பொண்ணுக்கு வெய்யின்னுச்சு."

பையில் நல்லெண்ணெய், உளுந்து, பனைவெல்லம், ஒரு பருத்திப் பாவாடை சட்டை. எல்லாம் அவன் உழைத்து வாங்கியவை. நான் அவற்றைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்தார்கள்.

"போன தடவ மேளம் என்ன, ட்ரோன் என்ன! இப்ப இவ்ளோதானா தம்பி?"

"ட்ரோன் ஸ்டேஷன்ல கீது அண்ணி. நீங்க போய் கேட்டுப் பாருங்க, குடுத்தாலும் குடுப்பாங்க."

நாத்தனாரே சிரித்துவிட்டார்கள். மூத்தவளின் அறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

வாசலில் ஓலையைப் பரப்பி முடைய ஆரம்பித்தான். சின்ன வயதில் எங்கள் கூரைக்குக் கீத்து முடைந்த கைதான், ஆனால் மறந்துபோயிருந்தது. மூன்று நாளாக அம்மாவிடம் கற்றுக்கொண்டானாம். முதல் கீத்து கோணிக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினான்.

அப்போது ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவனைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பேனரில் முதல் வரிசை வட்டத்தில் இருந்தவன். வெளியே வந்து, மறுபடியும் பழைய தொழிலுக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். கார் டிக்கியைத் திறந்தான். உள்ளே கண்ணாடித்தாள் சுற்றிய சீர்த்தட்டுகள், பட்டுப்புடவை, ஒரு நகைப்பெட்டி.

"இன்னா மச்சான், சொல்லவேயில்ல? நம்ம பொண்ணுக்கு நாம செய்ய மாட்டமா? இத உன் சீருன்னு உள்ள எடுத்துனு போ. அப்பால பேசிக்கலாம்."

அந்த 'அப்பால' என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் படியில் நின்றிருந்தேன். என் கணவர் எழுந்து வந்தார். தம்பி அவரைக் கையமர்த்திவிட்டு, வந்தவனிடம் சொன்னான்.

"வேணா மச்சான். வந்துட்ட, உள்ள வந்து களி துன்னுட்டுப் போ. தட்டு உள்ள வராது."

"டப்பு இல்லாம இன்னாடா தாய்மாமன் நீ? பாரு, ஊரே சிரிக்குது. உன் மானம் போவுது."

"மானத்த அன்னிக்கே ரெண்டு மாடி உசரத்துல தொங்க வுட்டாச்சு. இப்பதான் கீழ எறக்கினு கீறேன். நீ கெளம்பு."

"அப்போ ஓலைய கட்டிகினே சாவு."

டிக்கி அடித்து மூடப்பட்டது. கார் போன பிறகும் தம்பி தெருவைப் பார்க்கவில்லை. குனிந்து ஓலையை எடுத்தான். இரண்டு முறை பின்னல் தவறியது. அவனைச் சிறையில் பார்த்தபோதுகூட நான் அழுததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் என் தம்பி என்று தெருவில் யாரிடமும் நிமிர்ந்து சொல்லலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எந்தச் சீரும் அந்தத் தாம்பாளத்தில் இருந்த உளுந்து அளவுக்கு எனக்குப் பெருமையாக இருந்ததில்லை.

மூத்தவளின் ஜன்னல் வாசலைப் பார்த்தது. அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கீத்தின் அந்த முனையை இழுத்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் லூசா இருக்கு."

 அவன் ஓலை நுனியை அவளிடம் நீட்டினான். அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் முடைந்தான். நாலு கீத்தும் முடிகிறவரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.  நடுவில் ஒருமுறை, "கை அறுத்துக்கப் போற, பார்த்து" என்றான். அவ்வளவுதான்.

மதியத்துக்கு முன் குடிசை நின்றது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. சின்னவள் உள்ளே உட்கார்ந்து, வாசனையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, களிக்கு இன்னும் எண்ணெய் ஊற்றச் சொன்னாள். நாத்தனார் சாப்பிடும்போது, பட்டுப்புடவையையாவது வாங்கி வைத்திருக்கலாம் என்றார்கள். நான் அவர்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் களி வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மதியம் படகு கடலில் இறங்கும், அதற்குள் கரையில் இருக்கவேண்டும் என்று தம்பி விடியும் முன்பே கிளம்பி நின்றான். ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட என் கணவரை எழுப்பலாம் என்று எழுந்து வந்தேன். அதற்குள் மூத்தவள் ஸ்கூட்டரை வெளியே தள்ளிக்கொண்டு நின்றாள். இன்னொரு ஹெல்மெட்டை அவனிடம் நீட்டினாள்.

"போட்டுக்கோ மாமா."

அவன் ஏறி உட்கார்ந்து, பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மெதுவா போம்மா. பயமா கீது."

"கடலுக்குப் போற ஆளுதானே? சும்மா வா மாமா."

மோட்டார் போடுவதற்கும் வாசல் தெளிப்பதற்கும் முன்னால், வீட்டில் அன்று நடந்த முதல் வேலை அதுதான்.