சிவப்புச் சட்டை

ஆய்வுக்கூடத்தின் அடித்தள அறையில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் சோப்பக்கா. சோப்பில் ஊறி ஊறி உள்ளங்கைத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிவிடும், மகள் வீட்டுக் கூடத்தில் படுப்பதை விட்டுத் தனக்கென்று ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாமல் அதே பேச்சுதான்.

அந்த நேரம் பார்த்து வெந்நீர்க் குழாய் பழுதாகித் தொலைந்தது. பச்சைத் தண்ணீரில் சோப்பு சரியாகப் போகவில்லை என்று மேலே போய்ச் சொன்னாள்.

"அதுலயே கழுவும்மா. இதுக்கெல்லாம் என்கிட்ட வராதே" என்றார் பேராசிரியர், தலை நிமிராமலே. பக்கத்து மேசையில் மருந்து அளந்துகொண்டிருந்த உதவியாளன் அவளுடைய மாப்பிள்ளை. அவனுக்கு அந்த வேலையைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

பேராசிரியர் வளர்த்தது சிவப்பு நிற ஒற்றைச் செல் உயிர்கள். அந்த வாரம் கழுவி வந்த தட்டுகளில் அவற்றை விட்டு ஒரு மருந்தைச் சொட்டினார். அவை பாம்பைப் போலச் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, வெளிறிப்போய் நீந்தின. சாகவில்லை, கொஞ்ச நாளில் புதுச் சட்டையும் போட்டுக்கொண்டன. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தம் மருந்தின் மகிமை என்று தம்பட்டம் அடித்தார்.

பார்க்க வந்த வெளியூர் விஞ்ஞானி ஒருத்தி, மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரைச் சொட்டினாள். அப்போதும் உரித்தன. காலித் தட்டு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சோப்பு" என்றாள்.

சோப்பக்காவைக் கூப்பிட்டார்கள்.

"எப்படிக் கழுவினே?"

"பச்சைத் தண்ணிலதான் சார். நீங்கதானே அதுலயே கழுவச் சொன்னீங்க."

"நானா?" பேராசிரியர் உதவியாளனைப் பார்த்தார். "அப்படிச் சொன்னேனாப்பா?"

மாப்பிள்ளை துடைத்த குப்பியையே திரும்பத் துடைத்தான். "நீங்க எதுவும் சொல்லலை சார்."

அந்த அற்ப உயிர்களுக்காவது சட்டை உரிக்கச் சோப்பு பட வேண்டியிருந்தது. இவனுக்கு ஒரு பார்வையே போதுமாயிருந்தது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

படியில் மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தான். "தப்பா நினைக்காதீங்க அத்தை. எனக்குக் குழந்தை இருக்கு."

"அது என் பேத்திதானே மாப்பிள்ளை."

அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாரம் இறங்கியவன்போலச் சிரித்தான். "அவளைப் பாத்துக்கத்தான் ஆள் தேடிட்டிருந்தோம். இனிமே உங்களுக்குத் தனி ரூமும் வேண்டாம், வீட்டுலயேதானே இருப்பீங்க."